நிலத்துக்கு அடியில கேஸ் சேத்து வைக்க அரசாங்க அனுமதி: இந்த வேலைக்குப் புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு

நான் ஆறாம் ஆண்டு படிக்கிறப்ப மலேசியாவுல சிகாமட் பக்கத்துல எங்க தோட்டத்துல, லயத்துக்கு, அதாவது தொழிலாளிங்க வரிசை வீட்டுக்குப் பின்னாடி பால்மரக் (ரப்பர்) காட்டுல நீளமா ஒரு பட்டை வெட்டுனாங்க. மரத்தையெல்லாம் சாச்சி, மண்ணத் தோண்டி, பெரிய இரும்புக் கொழாய எறக்கி மூடிட்டு மஞ்சக் கம்பம் நட்டுட்டுப் போய்ட்டாங்க. கீழ கேஸ் போகுது தோண்டாதீங்கன்னு மலாய்ல எழுதியிருந்துச்சி. அந்த வெட்ட வெளியில பசங்க பந்து வெளாண்டாங்க, எங்கம்மா அந்தக் கம்பத்துலதான் ஆட்டக் கட்டுவாங்க. யாரு அனுமதி குடுத்தா, யாருகிட்ட கேட்டாங்க, ஏதாச்சும் ஒன்னு ஆச்சின்னா எந்தப் பக்கம் ஓடணும், லயத்துல ஒருத்தருக்கும் தெரியாது. சூராட், அதாவது லெட்டர் வந்திருந்தா தோட்டத்து ஆபிஸுக்கு வந்திருக்கும், ஆபிஸ்ல இருந்து காலைல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு அது வரல.

அதுக்கப்புறம் படிச்சி முடிச்சி கே.எல்ல (கோலாலம்பூர்ல) ஒரு இன்ஜினியரிங் கன்சல்டன்சில 11 வருஷம் இருந்தேன், இங்கிலாந்து புரொஜெக்ட்டுக்கு அனுமதிப் பேப்பர் தயார் பண்ற டீம், இப்ப சிகாமட்டுக்கே திரும்பி வந்து வீட்ல இருந்து அதே வேலையப் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல நாலஞ்சு பசங்க வந்து ஒக்காந்து கேக்குறாங்க, அக்கா இந்த கேஸ் ஸ்டோரேஜ் கன்சென்ட் வேலைன்னு ஒரு வேகன்சி வந்திருக்கு, என்ன செய்யணும், எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு. அவங்களுக்கு வாயால சொன்னதையே இங்க எழுதுறேன். முக்கால்வாசி இங்கிலாந்து முறைதான், ஏன்னா நம்ம பசங்களுக்கு வர்ற வேலை அதுலதான், நடுவுல அமெரிக்கா கொஞ்சம், கடைசில நம்ம ஊரு.

மொதல்ல ஒன்னு மனசுல வச்சிக்கோங்க. கன்சென்ட்ன்னு சொன்ன ஒடனே ஒரு பேப்பர், ஒரு சாப்பு முத்திரை, முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க, அது அப்படி இல்ல. நிலத்துக்கு ஒன்னு, பாறைக்கு ஒன்னு, மேல குடியிருக்கிற ஜனங்களுக்கு ஒன்னு, ஆபத்துக்கு ஒன்னு, கேஸ் விக்கிறதுக்கு ஒன்னுன்னு தனித்தனி கதவு. ஒவ்வொரு கதவுலயும் ஒரு தேதி தொங்கும். இந்த வேலைல பாதி, அந்தத் தேதிகளத் தவற விடாம பாத்துக்கிறதுதான்.

எதுக்குள்ள சேக்குறாங்கன்னு மொதல்ல புரிஞ்சிக்கோங்க

குளிர் ஊர்ல வீட்டச் சூடு பண்ண கேஸ் வேணும், வெயில் காலத்துல அந்தத் தேவை விழுந்துரும், அதனால வெயில் காலத்துல வாங்கி பூமிக்குள்ள அடிச்சி வச்சி குளிர் வந்ததும் எடுக்கிறாங்க. புது விஷயம் ஒன்னும் இல்ல, 1915ல கனடாவுல ஒன்டாரியோ பக்கம் வெல்லண்ட்ல செஞ்சி பாத்தாங்க, அடுத்த வருஷமே அமெரிக்காவுல பஃபலோ ஊருக்குப் பக்கத்துல சோவார்ங்கற எடத்துல ஆரம்பிச்சாங்க.

எடம் மூணு வகை. எண்ணெய், கேஸ் எடுத்து முடிச்ச பழைய வயல் ஒன்னு. தண்ணி ஊறி நிக்கிற பாறை அடுக்கு ஒன்னு. மூணாவது உப்புப் பாறை. உப்புப் பாறைல கெணறு போட்டு தண்ணிய விட்டு உப்பக் கரைச்சி அந்த உப்புத் தண்ணிய வெளிய எடுத்தா உள்ள ஒரு குகை கெடைக்கும், அதுக்குள்ள கேஸ். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் கடலோரம் ஹார்ன்சீ, ஆல்ட்ப்ரோ, உள்ள செஷயர்ல ஹோல்ஃபோர்ட், ஸ்டப்ளக் இதெல்லாம் உப்புக் குகை. ரஃப்ங்கறது கடலுக்கு அடியில இருக்கிற பழைய கேஸ் வயல், 1985ல இருந்து ஸ்டோரேஜா ஓடுச்சி, 2017ல மூடுறதா அறிவிச்சாங்க, உக்ரைன் போர் வந்து வெல ஏறுனதும் 2022 அக்டோபர்ல திரும்பத் தொறந்தாங்க.

இன்னொரு வார்த்தை எல்லா ரிப்போர்ட்லயும் வரும், குஷன் கேஸ். தோட்டத்துல தண்ணித் தொட்டி பாத்திருப்பீங்க, கொழாய அடில வைக்காம ஒரு சாண் மேல வச்சிருப்பாங்க, அந்த ஒரு சாண் தண்ணி எப்பவும் உள்ளயே நிக்கும், வெளிய வராது. குஷன் கேஸும் அப்படித்தான், அழுத்தம் விழாம இருக்க உள்ளயே நிக்கிற பங்கு. அதுக்கு மேல இருக்கிறது வர்க்கிங் கேஸ், எடுத்து விக்கிறது. விண்ணப்பத்துல எந்த எண் எதுன்னு குழப்பிக்கிட்டா அடுத்த கதவே தப்பாப் போயிரும், ஏன்னு இப்ப பாருங்க.

எந்தக் கதவத் தட்டணும்

இங்கிலாந்து நாட்டுக்குள்ள நிலத்துல வர்ற ஸ்டோரேஜ்னா 2008ல வந்த பிளானிங் சட்டம், அதுல 17வது பிரிவு. வர்க்கிங் கேஸ் கொள்ளளவு 4 கோடியே 30 லட்சம் கன மீட்டருக்குக் கொறையாம இருக்கணும், இல்லன்னா ஒரு நாள்ல உள்ள விடுற அல்லது வெளிய எடுக்கிற வேகம் 45 லட்சம் கன மீட்டருக்குக் கொறையாம இருக்கணும். ரெண்டுல ஒன்னு தாண்டுனா போதும், அது தேசிய அளவு புரொஜெக்ட். அப்ப நேரா மந்திரிகிட்ட போற வழி, டெவலப்மென்ட் கன்சென்ட் ஆர்டர்னு பேரு, ஆபிஸ்ல டி.சி.ஓன்னு சொல்லுவாங்க. தாண்டலன்னா உள்ளூர் கவுன்சில்ல சாதாரண பிளானிங் அனுமதி. கடலுக்கு அடியிலன்னா 2008லயே வந்த எனர்ஜி சட்டத்துல தனி லைசென்ஸ், அதோட கடலடி நிலத்துக்கு கிரவுன் எஸ்டேட்கிட்ட குத்தகை. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்கு வேற முறை, அது கைக்கு வர்றப்ப படிச்சிக்கலாம்.

அரசாங்கம் எந்தக் கொள்கைய வச்சி முடிவு பண்ணுதுன்னு கேட்டா ஈ.என்-1, ஈ.என்-4ன்னு ரெண்டு ஆவணம் இருக்கு, மொதல்ல 2011ல வந்துச்சி, திருத்துனது 2024 ஜனவரில அமலுக்கு வந்துச்சி. வேலைக்குச் சேந்த மொத வாரத்துல ஈ.என்-4 முழுசா படிச்சிருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பழைய காப்பி ஆபிஸ் சர்வர்ல கெடக்கும், அதப் படிச்சி நேரத்த வீணாக்காதீங்க.

மேல யாரு இருக்கான்னு எழுதுறது

இந்த எடத்துல நான் கொஞ்சம் நின்னுதான் பேசுவேன், ஏன்னா புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல குடுக்கிற வேலையே இதுதான், நெறைய பேரு இத கிளார்க் வேலைன்னு நெனைச்சி மேலோட்டமா செய்றாங்க.

விண்ணப்பத்தோட புக் ஆஃப் ரெஃபரன்ஸ்னு ஒரு பெரிய பட்டியல் போகும், லேண்ட் பிளான்னு வரைபடம் போகும். வரைபடம் ஏ0 தாளுக்கு மேல பெருசா இருக்கக் கூடாது, 1:2500க்குக் கீழ சின்ன ஸ்கேலும் கூடாது. அதுல ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நம்பர், வழக்கமா மொத்தமா எடுக்கிறது ரோஸ் கலரு, உரிமை மட்டும் எடுக்கிறது நீலம். பட்டியல்ல அந்த நம்பருக்கு நேரா யாரு யாருக்கு அங்க என்ன உரிமைன்னு எழுதணும். சட்டத்தோட 44வது பிரிவு மூணு வகை சொல்லுது. மொத வகைல நிலத்துக்கு சொந்தக்காரரு, குத்தகைக்காரரு, வாடகைக்கு இருக்கிறவரு, அப்புறம் அங்க சும்மா குடியிருந்து புழங்குறவரு. வாடகை எவ்ளோ காலம்ங்கற கணக்கே இல்ல, ஒரு வாரக் கணக்குல இருந்தாலும் சேத்தி. ரெண்டாவது வகை அந்த நிலத்துல வேற ஏதாச்சும் பாத்தியதை உள்ளவங்க, அடமானம் வச்ச பேங்க் மாதிரி. மூணாவது வகை, நிலம் அவங்களோடது இல்லன்னாலும் இந்தப் புரொஜெக்ட்டால நஷ்டஈடு கேக்குற நெலம வரக்கூடியவங்க.

நான் மொத மொதல்ல அந்த மொத வகைய படிச்சன்னிக்கு கே.எல் ஆபிஸ்ல மத்தியானம் சாப்புடப் போகாம அப்படியே ஒக்காந்திருந்தேன். குடியிருக்கிறவரு. அந்த ஒரு சொல்லு. எங்கப்பா 30 வருஷம் அந்த லயத்துல குடியிருந்தாரு, அவரு பேரு எந்த நிலத்துப் பட்டியல்லயும் ஏறல. நம்ம நாட்டு 1960ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்துல சம்பந்தப்பட்டவருன்னு யாரச் சொல்றாங்கன்னு 2வது பிரிவுல பாருங்க, சொந்தக்காரரோட இஷ்டத்துக்கு இருக்கிற குடியிருப்பாளர் அதுல சேர மாட்டாருன்னு எழுதியிருக்கு. வேல இருக்கிற வரைக்கும் லயத்து வீடுன்னு இருந்த ஜனங்க பெரும்பாலும் அந்த எடத்துலதான் போய் விழுறாங்க. நோட்டீஸ் கம்பெனிக்குப் போகும், நஷ்டஈடு கம்பெனிக்குப் போகும்.

அதனால இங்கிலாந்துல இருக்கிற ஒரு பண்ணை வீட்டு வாடகைக்காரரோட பேர நீங்க சிகாமட்ல ஒக்காந்து எக்செல்ல அடிக்கிறப்ப, அது வெறும் ஒரு வரின்னு நெனைக்காதீங்க. லேண்ட் ரெஜிஸ்ட்ரில பேரு எடுத்தா சொந்தக்காரரு மட்டும்தான் கெடைப்பாரு, வாடகைக்காரரு பேரு பெரும்பாலும் அதுல வராது. கேள்வித்தாள் அனுப்பணும், பதில் வரலன்னா திரும்ப அனுப்பணும், ஆள் நேர்ல போய் கதவத் தட்டணும், அப்பவும் தெரியலன்னா நிலத்துல நோட்டீஸ் ஒட்டணும். இன்னொன்னு, குகை பல நூறு மீட்டர் ஆழத்துல இருந்தாலும் ஆர்டர் எல்லைக்குள்ள ஒரு வீட்டோட அடி மண்ணு வந்துச்சின்னா, மேல ஒரு செங்கல்லக் கூட தொடலன்னாலும் அந்த வீட்டுக்காரரு மொத வகைதான். உப்பு, கனிமத்துக்கான உரிமை மேல் நிலத்துக்காரர்கிட்ட இல்லாம வேற ஒருத்தர்கிட்ட தனியா இருக்கிறதும் உண்டு, 100 வருஷத்துக்கு முந்தின பத்திரத்துல ஒரு வரில ஒளிஞ்சிருக்கும், அதயும் தேடுங்க.

பாறை பேசணும், பழைய கெணறும் பேசணும்

நீங்க ஜியாலஜிஸ்ட் இல்லன்னாலும் இதப் படிங்க, ஏன்னா அனுமதி மறுக்கிறது பல நேரம் இங்கதான்.

லங்காஷயர்ல வயர் ஆத்து முகத்துவாரத்துல ப்ரீசால்னு ஒரு ஊரு. அங்க உப்புல 19 குகை வரைக்கும் தோண்டி கேஸ் வைக்க ஒரு கம்பெனி விண்ணப்பிச்சிச்சி. ஊரு ஜனங்க வருஷக்கணக்கா எதிர்த்தாங்க, அதுக்கு முன்னாடி வந்த திட்டமும் நிராகரிக்கப்பட்டதுதான். 2013 ஏப்ரல்ல மந்திரி மறுத்தாரு, நீங்க சொல்ற அளவுக்கு குகை அங்க அமையும்னு காட்ட நிலத்தடி தகவல் பத்தலன்னு. கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சி, முடிவெடுத்த முறை நியாயமா இல்லன்னு 2014 ஜனவரில அந்த முடிவு ரத்தாச்சி, திரும்ப பரிசீலன பண்ணி 2015 ஜூலைல அனுமதி குடுத்தாங்க. இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒன்னு, கோர் (தோண்டி எடுக்கிற பாறைத் துண்டு) எடுத்த தகவலும் சைஸ்மிக் சர்வேயும் (அதிர்வ அனுப்பி அடிப் பாறையப் பாக்குறது) விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும், அனுமதி கெடைச்ச பின்னாடி பாத்துக்கலாம்ங்கற பேச்சு ஆபத்து. இன்னொன்னு, ஊரு ஜனங்க கேட்ட கேள்விதான் மந்திரி கேட்ட கேள்வியும், அவங்க படிக்காதவங்க சும்மா பயப்படுறாங்கன்னு எந்த மீட்டிங்ல யாரு சொன்னாலும் நீங்க தலையாட்டாதீங்க.

பழைய கெணறு ஏன் முக்கியம்னு கேக்குறவங்களுக்கு நான் அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல ஹட்சின்சன் ஊர்ல நடந்தத சொல்லுவேன். 2001 ஜனவரி 17ஆம் தேதி ஊருக்கு நடுவுல கட்டடம் வெடிச்சிச்சி. அடுத்த நாள் ஊரு ஓரத்துல இருந்த நடமாடும் வீட்டுக் குடியிருப்புல வெடிச்சி ரெண்டு பேரு செத்தாங்க. கேஸ் வந்தது சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி யாகிங்கற எடத்துல இருந்த உப்புக் குகை ஸ்டோரேஜ்ல இருந்து. அங்க ஒரு கெணத்தோட இரும்பு உறை ஓட்டையாகி, கேஸ் வெளிய வந்து ஒரு பாறை அடுக்கு வழியா அவ்ளோ தூரம் ஊந்து வந்து, முன்ன உப்புத் தண்ணி எடுக்கத் தோண்டி எல்லாரும் மறந்து போன பழைய கெணறுங்க வழியா மேல வந்திருக்கு. கெணறு தோண்டுனவங்க செத்து பல வருஷம் ஆயிருக்கும், ஓட்டை மட்டும் அப்படியே இருந்துச்சி. அதனால பழைய கெணறு பட்டியல்னு ஒரு ஃபைல் உங்ககிட்ட குடுத்தா, எண்ணிக்கை சரியான்னு மட்டும் பாக்காதீங்க, ஒவ்வொன்னும் எப்ப மூடுனாங்க, எத வச்சி மூடுனாங்க, யாரு பாத்தாங்கன்னு கேளுங்க. எழுதலன்னா எழுதலன்னு பக்கத்துலயே குறிங்க.

சுற்றுச்சூழல் அறிக்கை

இ.ஐ.ஏன்னு சொல்லுவாங்க, 2017ஆம் வருஷ விதிகள். இதுக்கு பெரிய டீம் தனியா இருக்கும், உங்க வேல பெரும்பாலும் அத்தியாயங்களச் சேக்குறது, எண்ணு ஒன்னோட ஒன்னு ஒத்துப் போகுதான்னு பாக்குறது. ஒன்னே ஒன்னு மட்டும் சொல்றேன், உப்புக் கரைச்ச தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. குகை எத்தன பெருசோ அதவிடப் பல மடங்கு உப்புத் தண்ணி வெளிய வரும். கடல்ல விடுறாங்கன்னா எந்த எடத்துல, எந்த வேகத்துல, அங்க மீன் புடிக்கிறவங்க யாருன்னு அந்த அத்தியாயமும் மேல சொன்ன பட்டியலும் ஒன்னோட ஒன்னு பேசணும்.

லெட்டர் அனுப்புறது, நாங்க பட்ட பாடு

விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும், அரசுத் துறைகளுக்கும், கவுன்சிலுக்கும் லெட்டர் அனுப்பி கருத்து கேக்கணும்னு 2008 சட்டம் வச்சிச்சி. பதில் சொல்ல கொறஞ்சது 28 நாள் குடுக்கணும்னும் அதுல இருந்துச்சி. எங்க டீம்ல ஒரு தடவ, அந்த 28 நாள போஸ்ட் பண்ண தேதில இருந்து எண்ணிட்டோம். சட்டத்துல 45வது பிரிவு என்ன சொல்லுச்சின்னா, அந்த ஆளு கைக்கு லெட்டர் கெடைச்ச நாளுக்கு அடுத்த நாள்ல இருந்து 28. போஸ்ட் ரெண்டு மூணு நாள் லேட்டா போன எடத்துல எல்லாம் எங்க கணக்கு கொறஞ்சி போச்சி. வக்கீல் ஒருத்தரு ராத்திரி கூப்புட்டு கேட்டப்பதான் தெரிஞ்சிச்சி. 600க்கும் மேல லெட்டர், எல்லாத்தையும் திரும்ப அச்சடிச்சி, திரும்ப அனுப்பி, மொத்த அட்டவணையும் ஒன்றரை மாசம் தள்ளிப் போச்சி. அன்னிலருந்து நான் எந்தக் காலக்கெடுவுக்கும் கெடைச்ச நாளையும் எண்ண ஆரம்பிக்கிற நாளையும் தனித்தனி பத்தில எழுதுறேன், அதுக்கு மேல ஒரு வாரம் சேத்துக் குடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்ங்க.

இந்த முன்கூட்டிக் கருத்து கேக்குற பகுதிய மாத்துறதுக்கு 2025ல அங்க சட்டம் கொண்டு வந்துட்டாங்க, அதனால பழைய டெம்ப்ளேட்ட எடுத்து அப்படியே ஓட்டாம உங்க புரொஜெக்ட்டுக்கு எது பொருந்துதுன்னு வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. கட்டாயம் கொறஞ்சாலும் ஜனங்களுக்குச் சொல்றத கொறைக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், மொதல்ல கேக்காத கேள்வி கடைசில கோர்ட்டுல வரும்.

லெட்டர எழுதுறப்பவும் பாருங்க. முன்மொழியப்படும் மேம்பாட்டின் அங்கீகாரத்திற்கான அப்படின்னு ஆரம்பிக்கிற மாதிரி ஒரு பத்தி வந்தா வயசானவங்க மடிச்சி வச்சிருவாங்க. மொத வரில உங்க வீட்டுக்கு அடியில இவ்ளோ ஆழத்துல இது வருது, இந்தத் தேதிக்குள்ள பதில் சொல்லலாம், இந்த நம்பருக்குப் பேசலாம். அவ்ளோதான். இங்கிலீஷ்ல எழுதுனாலும் அதே முறைதான்.

சமர்ப்பிச்ச பின்னாடி

பிளானிங் இன்ஸ்பெக்டரேட்னு ஒரு அமைப்புக்குப் போகும். 28 நாள்ல ஏத்துக்கிறாங்களா இல்லையான்னு சொல்லுவாங்க. ஏத்துக்கிட்டா பொது ஜனங்க பேரு பதிஞ்சி கருத்து சொல்ல நேரம் குடுக்கணும், அப்புறம் மொத கூட்டம், அது முடிஞ்சி பரிசோதனை 6 மாசத்துக்குள்ள. அந்த ஆறு மாசம் நீங்க தூங்க மாட்டீங்க, கேள்வி வரிசையா வரும், பெரும்பாலும் எழுத்துல, ஒவ்வொன்னுக்கும் கெடு. அதுக்கப்புறம் 3 மாசத்துல அறிக்கை மந்திரிக்குப் போகும், இன்னும் 3 மாசத்துல மந்திரி முடிவு சொல்லணும், தேவைன்னா மந்திரி அத தள்ளி வைக்கவும் முடியும்.

டி.சி.ஓ கெடைச்ச அன்னிக்கு எல்லாரும் கேக் வெட்டுவாங்க, நீங்க அடுத்த ஃபைல எடுங்க. இயற்கை எரிவாயு 50 டன்னுக்கு மேலன்னா பெரு விபத்துத் தடுப்பு விதிகள், கோமான்னு சொல்றது, 200 டன் தாண்டுனா அதுலயே மேல் அடுக்கு, பாதுகாப்பு அறிக்கை தரணும். நிலத்தடி ஸ்டோரேஜ்ல இது நிச்சயமா தாண்டும். ஆபத்தான பொருள் வச்சிக்கிறதுக்கு தனி கன்சென்ட். கெணறு தோண்டுறதுக்கு முன்னாடி வேலையிடப் பாதுகாப்பப் பாக்குற எச்.எஸ்.இ அமைப்புக்கு 1995 விதிப்படி தகவல். தண்ணி எடுக்க, உப்புத் தண்ணி விட சுற்றுச்சூழல் ஏஜென்சி பெர்மிட். ஒவ்வொன்னும் ஒவ்வொரு ஆபிஸ், ஒருத்தருக்கு தந்த எண்ண இன்னொருத்தருக்கு மாத்தித் தந்துராதீங்க.

அமெரிக்கா புரொஜெக்ட் வந்தா

மாநிலம் தாண்டிப் போற கேஸ்னா 1938 நேச்சுரல் கேஸ் சட்டம் 7வது பிரிவு, ஃபெர்க்னு சொல்ற மத்திய எரிசக்தி ஆணையம் சான்றிதழ் குடுக்கும், பொது வசதிக்கும் தேவைக்கும் இது வேணும்னு. அந்தச் சான்றிதழ் கையில வந்தா நிலத்துக்காரரு ஒத்துக்கலன்னாலும் கோர்ட்டு வழியா நிலத்த எடுக்கிற உரிமையும் சேந்து வந்துருது, அதனால அங்க எதிர்ப்பு சான்றிதழ் கட்டத்துலயே பலமா இருக்கும். மாநிலத்துக்குள்ளயே ஓடுற ஸ்டோரேஜ்னா அந்த மாநிலத்து ஆணையம்.

கலிஃபோர்னியாவுல அலிசோ கேன்யன்ல 1953ல தோண்டுன ஒரு கெணறு, 2015 அக்டோபர் 23ஆம் தேதி கசிய ஆரம்பிச்சி 2016 பிப்ரவரி 11 வரைக்கும் அடக்க முடியல. ஆயிரக்கணக்கான குடும்பம் வீட்ட விட்டு வேற எடம் போச்சி. உறைக் கொழாய் வெளிப்பக்கமா துரு புடிச்சி ஒடஞ்சதுன்னு பின்னாடி ஆராய்ச்சில வந்துச்சி. அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க நிலத்தடி ஸ்டோரேஜுக்கு கொறஞ்சபட்ச பாதுகாப்பு விதி வைக்கணும்னு 2016ல சட்டம் போட்டாங்க. அத்தன வருஷமா அனுமதி இருந்துச்சி, கெணத்துக்குள்ள பாக்கச் சொல்ற தேசிய விதி இல்ல. உங்க விண்ணப்பத்துல கண்காணிப்புத் திட்டம்னு வர்ற அத்தியாயத்த கடைசி நாள்ல நிரப்பாதீங்கன்னு நான் சொல்றதுக்கு காரணம் இதுதான்.

நம்ம ஊருக்கு வந்தா

2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாள் ரெண்டாவது நாள் காலைல, புத்ரா ஹைட்ஸ்ல கேஸ் பைப் எரிஞ்சத நம்ம எல்லாரும் போன்ல பாத்தோம். சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துச்சி. அதுக்கப்புறம் எங்க பக்கத்துலயும் மஞ்சக் கம்பத்தப் பாத்து ஜனங்க கேக்க ஆரம்பிச்சாங்க, அது நல்லது.

இங்க முறை இப்படி. பூமிக்குள்ள இருக்கிற பெட்ரோலியம் 1974 சட்டப்படி பெட்ரோனாஸுக்கு. ஆனா நிலம் மாநில அரசோடது, அரசியல் சாசனமே அப்படித்தான் பிரிச்சிருக்கு. உங்க கெரான்ல, அதாவது நிலப் பட்டால நிலம் இருந்தா அடியில எவ்ளோ உங்களுதுன்னு தேசிய நிலச் சட்டம் 44வது பிரிவு சொல்லுது, நிலத்த நியாயமா அனுபவிக்கத் தேவையான ஆழம் வரைக்கும். மீட்டர் கணக்கு அதுல இல்ல. பக்கத்துல சிங்கப்பூர்ல 2015ல இருந்து 30 மீட்டர்னு ஒரு கோடு போட்டு வச்சிட்டாங்க, நம்ம சட்டத்துலயும் நிலத்தடி நிலத்த தனியா குடுக்கிறதுக்கு 92ஏல இருந்து பிரிவுகள் இருக்கு, அது மாநில அரசு கையில. பைப்புல கேஸ் கொண்டு போறது, வினியோகிக்கிறதுக்கு 1993 கேஸ் சப்ளை சட்டம், லைசென்ஸ் குடுக்கிறது சுருஹான்ஜாயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையம். சுற்றுச்சூழல் அறிக்கைக்கு ஜாபாத்தான் ஆலாம் செகித்தார், அதாவது சுற்றுச்சூழல் துறை, 2015 ஆணைல ரெண்டு அட்டவணை இருக்கு, ரெண்டாவது அட்டவணைல வர்ற வேலைன்னா அறிக்கைய பொது ஜனங்க பாக்குறதுக்கு வச்சே ஆகணும், போய்ப் பாக்கலாம், எழுதிக் குடுக்கலாம். கார்பன் டை ஆக்சைட பூமிக்குள்ள சேக்குறதுக்கும் 2025ல தனி சட்டம் பார்லிமென்ட்ல நிறைவேறுச்சி, சபா சரவாக்குக்கு அது இல்ல. வருங்காலத்துல நம்ம பசங்களுக்கு வேல அந்தப் பக்கம் வரும்னு நான் நம்புறேன், மேல சொன்ன பாறை, பழைய கெணறு, பட்டியல் எல்லாம் அதுக்கும் அப்படியே பொருந்தும்.

நிலம் எடுக்கிறாங்கன்னா போராங், அதாவது அரசாங்கப் படிவம் வரும். போராங் ஏ எடுக்கலாம்னு யோசிக்கிற கட்டம், டி எடுக்கிறதா அறிவிக்கிறது, இ விசாரணைக்குக் கூப்புடுறது, எச் நஷ்டஈடு இவ்ளோன்னு சொல்றது, கே நிலத்த கையில எடுத்துக்கிட்டது. உங்க வீட்ல பெரியவங்க கையில இருக்கிற பேப்பர்ல எந்த எழுத்து போட்டிருக்குன்னு பாத்தாலே எந்தக் கட்டத்துல இருக்கோம்னு தெரிஞ்சிரும். இ வந்தா கண்டிப்பா போங்க, போறப்ப மரம், வீடு, கெணறு எல்லாத்தையும் போட்டோ எடுத்து, முடிஞ்சா நிலமதிப்பீட்டாளர் ரிப்போர்ட்டோட போங்க. தொகை பத்தலன்னா எச்ல ஆட்சேபத்தோட வாங்கிக்கிறேன்னு குறிச்சிட்டு, போராங் 'என்' (N) போட்டு கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லி பெஜாபாட் தானாவுல, அதாவது நில ஆபிஸ்ல குடுக்கணும். விசாரணைல நீங்க இருந்தீங்கன்னா தீர்ப்புத் தேதில இருந்து 6 வாரம்.

இங்கிலாந்துலயும் டி.சி.ஓ முடிவ எதிர்த்து கோர்ட்டுக்குப் போக அதே 6 வாரம்தான்.

எங்க சித்தப்பாவுக்கு கம்பத்துல (கிராமத்துல) ரெண்டு ஏக்கர் இருந்துச்சி, ரோட்டுக்கு எடுத்தாங்க. விசாரணைக்குப் போனாரு, பேசாம ஒக்காந்துட்டு வந்தாரு, போராங் எச்ச வாங்கி பிளாஸ்டிக் கவர்ல போட்டு சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிட்டாரு, பத்திரமா இருக்கட்டும்னு. நான் தீபாவளிக்குப் போனப்ப எடுத்துக் காட்டுனாரு, தொகை கம்மியா இருக்கும்மா, கேக்க முடியுமான்னு. தேதியப் பாத்தேன், மூணு மாசம் ஆயிருச்சி. கவர் மேல சந்தனப் பொட்டு வச்சிருந்தாரு.

அதனால எந்த ஃபைல் கைக்கு வந்தாலும், லண்டன்ல இருந்து வந்தாலும் பெஜாபாட் தானாவுல இருந்து வந்தாலும், அட்டைல வலது மேல் மூலைல செவப்பு பேனாவால கடைசித் தேதிய எழுதிட்டுத்தான் நான் உள்ள தொறக்குறேன். ஞாயித்துக்கிழமை வர்றவங்க ஆளுக்கு ஒரு செவப்பு பேனாவும் ஒரு ரூலரும் கொண்டு வாங்க, 1:2500ல லேண்ட் பிளான் மாதிரி ஒன்னு பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், ஒவ்வொரு துண்டா யாரு இருக்கான்னு எழுதிப் பாப்போம்.